பக்கத்தில் ஆசிரியர் இல்லை, வீட்டிலேயே யோகா ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கலாம், தாராளமாக. இந்தக் கேள்விக்கு "குரு இல்லாமல் யோகாவைத் தொடவே கூடாது" என்று பதில் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. தெருவுக்கு ஒரு வகுப்பு நடக்கிற ஊரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லிவிடலாம். நீங்களும் என்னைப் போல எங்கோ ஒதுக்குப்புறத்தில், வீட்டுப் பொறுப்போடு இருப்பவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் ஊர் ஊட்டியிலிருந்து எமரால்டு போகிற பக்கம். வீட்டின் முன்னறைதான் என் தையல் கடை. ஊட்டியில் ஒரு சாயங்கால வகுப்பு இருந்தது. ஏழேகாலுக்கு முடியும், பஸ் பிடித்து எங்கள் ஸ்டாப்பில் இறங்க எட்டரை ஆகிவிடும். அங்கிருந்து தேயிலைத் தோட்டத்து வழியாக அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். இருட்டிவிட்டால் அந்தப் பாதையில் காட்டெருமை நிற்கும். இரண்டு நாள் போனேன். மூன்றாம் நாள் மாமியார் "வேண்டாம்மா" என்றுவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை.

நான் யோகாவைத் தேடியதே முதுகு வலியால்தான். அது எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து 140 செட் யூனிஃபார்ம் ஆர்டர் வந்தது. ஏப்ரல் கடைசியில் துணியைக் கொடுத்துவிட்டு, ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வேண்டும் என்றார்கள். ராத்திரி பன்னிரண்டு மணி வரை மிஷினில் உட்கார்ந்தேன். காஜா கூட வெளியில் கொடுக்காமல் நானே போட்டேன். சொன்ன தேதிக்குக் கொடுத்தேன். பணம் டிசம்பரில்தான் வந்தது, அதுவும் மூன்று தவணையாக. போய்க் கேட்கும்போதெல்லாம் "மேடம் லீவு", "செக் ரெடியாகிக்கொண்டிருக்கிறது". நூலும் பட்டனும் கடனில் வாங்கிய நான் கடைக்காரருக்கு என்ன பதில் சொல்வது? கூலிக்குத் தைக்கிறவள்தானே, காத்திருப்பாள் என்ற நினைப்பு. அதே பள்ளியில் ஒரு பிள்ளை ஃபீஸ் கட்ட ஒரு வாரம் தாமதமானால் வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறார்கள். இன்றும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த டிசம்பரில்தான் செல்போனில் வீடியோ பார்த்து யோகா ஆரம்பித்தேன். அதிகாலையில், வெறும் வயிற்றில் செய்யச் சொன்னார்கள். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஐந்து மணிக்கு எழுந்தேன். வெளியே புல்லெல்லாம் உறைபனி. சிமெண்ட் தரையில் ஜமுக்காளத்தை விரித்து, பத்தாவது நாளே பச்சிமோத்தாசனம் செய்தேன். காலை நீட்டி உட்கார்ந்து குனிந்து கால் கட்டைவிரலைப் பிடிக்கிற ஆசனம். வீடியோவில் அந்தப் பெண்ணின் நெற்றி முட்டியில் படுகிறது. எனக்கு நாலு விரல்கடை இடைவெளி இருந்தது. அதை எட்டிவிட வேண்டும் என்று பாதத்தைப் பிடித்து இழுத்தேன். இடது பக்கம், உட்காருகிற எலும்பை ஒட்டி, நூல் அறுந்த மாதிரி ஒரு சுருக்.

தொடையின் பின்தசை அந்த எலும்பில் வந்து சேருகிற நாண் காயப்பட்டிருக்கிறது என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். நாள் முழுக்க அந்த எலும்பின் மேல் உட்கார்ந்து பிழைக்கிறவள் நான். ஸ்டூலில் தலையணை வைத்து, வலது பக்கமாகச் சாய்ந்து ஐந்து மாதம் தைத்தேன். நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் ஆறவும் நாளாகும். வலிக்கிற இடத்தை இன்னும் நீட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்து நான் செய்ததெல்லாம் காயத்தைக் கூட்டியிருக்கிறது. அதை நீட்டாமல், சேதுபந்தாசனம் மாதிரி, மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்கும் பயிற்சியால் மெல்ல பலப்படுத்தினால்தான் ஆறும் என்றார்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம், எங்களைப் போல குளிரில் இருக்கிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ராத்திரி படுத்திருக்கும்போது முதுகெலும்புத் தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் நன்றாகக் குனிந்தால் அவற்றின் மேல் அழுத்தம் அதிகம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், டிசம்பர் விடியற்காலையில் தசையும் விறைத்திருக்கும். இப்போது நான் காலை பதினொரு மணிக்குச் செய்கிறேன். ஜன்னல் வழியாக வெயில் அறைக்குள் வந்திருக்கும், எட்டு மணிக்குச் சாப்பிட்டதும் செரித்திருக்கும். பிரம்ம முகூர்த்தத்தை விட்டுவிட்டாளே என்று யாராவது கோபப்பட்டால் படட்டும். முதலில் உடம்பு சூடாக வேண்டும்.

வீடியோவில் இருக்கிறவரை நீங்கள் பார்க்கலாம், அவர் உங்களைப் பார்க்க மாட்டார். வீட்டுப் பயிற்சியில் உள்ள குறையே இதுதான். இதற்கு நான் கண்ட வழி துணி வெட்டுகிற மர ஸ்கேல். அதை முதுகோடு நீளவாக்கில் வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்னந்தலை, மேல்முதுகு, இடுப்புக்குக் கீழே வால் எலும்பு, மூன்றும் ஸ்கேலைத் தொட வேண்டும். இனி முட்டியைக் கொஞ்சம் மடக்கி, நின்றபடி குனியுங்கள். ஸ்கேல் எந்த இடத்திலாவது விலகினால் நீங்கள் இடுப்பு மூட்டிலிருந்து குனியவில்லை, முதுகை வளைக்கிறீர்கள் என்று அர்த்தம். முதல் தடவை என் மகள் பின்னால் நின்று பார்த்து, "அம்மா, கீழே ஒரு கை போகிற அளவு இடைவெளி இருக்கு" என்றாள். அப்போதுதான் நான் அதுவரை குனிந்ததெல்லாம் தப்பு என்று புரிந்தது. நேராகக் குனியப் பழக எனக்கு மூன்று வாரம் ஆனது.

என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் வேண்டாம். தினமும் இருபது நிமிடம், அதே நாலைந்து ஆசனம். தாடாசனத்தில் சும்மா நின்று மூச்சைக் கவனிப்பது, நாலு காலில் நின்று முதுகை மேலும் கீழும் அசைக்கிற மார்ஜரி, சேதுபந்தாசனம், சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுப்பது. கடைசியில் கம்பளி போர்த்திக்கொண்டு சவாசனம். போர்த்தாமல் படுத்தால் எங்கள் ஊரில் ஐந்தே நிமிடத்தில் உடம்பு மறுபடி விறைத்துவிடும். ஒரு நிலையில் மூச்சு தடைப்பட்டாலோ பல்லைக் கடிக்கத் தோன்றினாலோ அதிலிருந்து பாதி பின்வாங்குங்கள். சிரசாசனத்தைத் தனியாக முயலவே வேண்டாம், கழுத்து போய்விடும். ரத்த அழுத்தமோ கண் அழுத்த நோயோ இருந்தால் தலைகீழ் ஆசனங்கள் எதுவுமே கூடாது. கபாலபாதியையும் ஆள் பார்க்காமல் செய்ய வேண்டாம். வேகவேகமாக மூச்சு விட்டு எனக்கு ஒருமுறை தலை சுற்றியது. கர்ப்பமாக இருந்தாலோ, குடலிறக்கமோ ஆபரேஷனோ ஆகியிருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள்.

நான் ஆசிரியரே வேண்டாம் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வருடத்துக்கு இரண்டு தடவையாவது ஊட்டிக்குப் போய், பகல் நேரத்தில் ஒருவரிடம் காட்டிவிட்டுத்தான் வருகிறேன். ஆனால் பெரிய யோகா ஆசிரியரான பி.கே.எஸ். அய்யங்கார் 1937-ல், 18 வயதில், மைசூரில் தன் அக்கா கணவரான கிருஷ்ணமாச்சாரியாரிடம் கொஞ்ச காலம் கற்றதை வைத்துக்கொண்டு புனேவுக்குப் போனார். அங்கே குரு பக்கத்தில் இல்லாமல் தானே செய்து செய்துதான் மீதியைக் கண்டுபிடித்தார். பெல்ட்டும் மரக்கட்டையும் நாற்காலியும் வைத்து, வளையாத உடம்புக்கும் ஆசனம் சொல்லிக்கொடுத்தவர் அவர். அவரோடு என்னை ஒப்பிடவில்லை. தனியாகச் செய்வதே பாவம் என்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

பெல்ட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். ஸ்கூல் பேக் தைக்கிற நைலான் நாடா இரண்டரை மீட்டர் வாங்கி, ஒரு முனையை ஒரு சாண் மடித்து வளையமாகத் தைத்துக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்து, வளையத்தைப் பாதத்தில் மாட்டி, காலை மேலே தூக்கினால் தொடையின் பின்பக்கம் முதுகுக்குச் சிரமமில்லாமல் நீளும். முட்டி கொஞ்சம் மடங்கியிருந்தால் பரவாயில்லை. வளையத்துக்கு ஒற்றைத் தையல் போடாதீர்கள், பிய்ந்துவிடும். சதுரமாக ஒரு சுற்றுத் தைத்து, நடுவில் குறுக்காகப் பெருக்கல் குறி மாதிரி இரண்டு தையல் போடுங்கள்.