ஓட்டல்காரர் எழுதிய வெற்றி நூல்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் பதினாறு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்து நடத்திவந்தேன். பெரிய ஆர்டர் ஒன்றின் பணம் வந்து சேரவில்லை. போன வருஷம் ஷட்டரை இறக்கிவிட்டேன். இப்போது வேறொரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் சம்பளத்துக்குப் போகிறேன். யூனிட்டை மூடியதிலிருந்து சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு தன்னம்பிக்கைப் புத்தகம் கொடுக்கிறார்கள். மச்சான் கொடுத்தது ஆரிசன் ஸ்வெட் மார்டன் என்ற அமெரிக்கர் எழுதியது. ஆளைப் பற்றித் தேடிப் பார்த்தேன். ஓட்டல் தொழிலில் நொடித்துப்போனவர். ‘வெற்றி’ என்றே பெயர் வைத்து ஒரு பத்திரிகை நடத்தி, அதுவும் மூழ்கியிருக்கிறது. தோற்ற ஆள் ஜெயிப்பது எப்படி என்று எழுதலாமா? அதைவிட முக்கியமாக, இந்த மாதிரிப் புத்தகங்களில் என்னைப் போல ஒருத்தன் ஏன் ஒரு பக்கத்தில்கூட வருவதில்லை? மச்சானிடம் கொஞ்சம் கோபமாகப் பேசிவிட்டேன். அவர் இப்போது வீட்டுக்கு வருவதில்லை.

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

படிப்பு முடித்து வேலை கிடைக்காமல் இருந்த நாட்களில் மார்டனைப் படித்திருக்கிறேன். பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்துபோய்க் கிடந்தது, ஐந்து ரூபாய். பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் லிங்கன், ஃபாரடே, நெப்போலியன் என்று வரிசையாக வந்து நின்றார்கள். எனக்கும் எரிச்சல்தான் வந்தது. புத்தகத்தைவிட அதை எழுதியவரின் கதை நல்ல கதை என்று தெரியப் பல வருஷம் ஆனது.

மார்டன் 1848இல் நியூ ஹாம்ப்ஷயர் மலைப்பக்கத்து ஊரான தார்ன்டன் கோரில் பிறந்தவர். மூன்று வயதில் தாய் போய்விட்டாள், அவளுக்கு அப்போது வயது 22. அப்பா விவசாயமும் வேட்டையும் பார்த்தவர். காட்டில் பட்ட காயத்தில் அவரும் இறந்தபோது பையனுக்கு வயது ஏழு. அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து குடும்பங்களில் சோற்றுக்கு வேலை செய்யும் எடுபிடிப் பையன். நம் ஊரில் பண்ணையில் விட்ட பிள்ளைக்கு நடப்பதெல்லாம் அங்கேயும் நடந்தது. அப்படி ஒரு வீட்டுப் பரணில்தான் சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய ‘செல்ஃப் ஹெல்ப்’ அவர் கையில் கிடைத்தது.

அங்கிருந்து அவர் படித்த படிப்பு மலைப்பாக இருக்கும். பாஸ்டனில் பட்டம், ஹார்வர்டில் மருத்துவம், திரும்பவும் பாஸ்டனில் சட்டம். ஆனால் டாக்டராகவும் வக்கீலாகவும் அவர் சம்பாதிக்கவில்லை. சம்பாதித்தது ஓட்டலில். செலவுக்காக விடுமுறைகளில் ஓட்டல் வேலைக்குப் போனவர், படிப்பை முடிக்கும்போது ஏறக்குறைய 20,000 டாலர் சேர்த்திருந்தார். அந்தக் காலத்துக்கு அது பெரிய முதல். பிளாக் ஐலண்ட் என்ற கடற்கரைத் தீவில் ஓட்டல் எடுத்து நடத்தினார். பிறகு மேற்கே நெப்ராஸ்காவின் கர்னி நகருக்குப் போய் அங்கேயும் ஓட்டல் நடத்தினார்.

இங்கேதான் உங்கள் கதைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறார். 1890களின் தொடக்கத்தில் நெப்ராஸ்காவில் மழை பொய்த்தது. சோளம் விளையாத ஊருக்கு வியாபாரி வரமாட்டான், வியாபாரி வராத ஊரில் ஓட்டல் அறைக்குச் சாவி கேட்க ஆள் இருக்காது. மார்டனிடம் சோம்பல் இருந்ததாகவோ சாமர்த்தியம் போதவில்லை என்றோ யாரும் சொல்ல முடியாது. சேர்த்தது போயிற்று. 1893இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, நாற்பத்தைந்து வயதில், பாமர் ஹவுஸ் என்ற பெரிய ஓட்டலில் சம்பளத்துக்கு மேனேஜராக இருந்தார். சொந்த ஓட்டலிலிருந்து இன்னொருவர் ஓட்டலுக்கு! நீங்கள் செக்கிங் டேபிளில் உட்கார்ந்திருப்பது போலத்தான்.

இந்த ஓட்டல் காலத்தில்தான் தீயும் வந்தது. பல வருஷம் இரவில் உட்கார்ந்து எழுதிய கையெழுத்துப் பிரதி, ஐயாயிரம் பக்கத்துக்கும் மேல், ஓட்டலோடு எரிந்தது. இரவுச் சட்டையோடு தெருவுக்கு ஓடி வந்தார். கடைக்குப் போய் முதலில் உடுக்கத் துணி வாங்கினார். அடுத்ததாக 25 சென்ட்டுக்கு ஒரு நோட்டு வாங்கி, எரிந்ததை நினைவிலிருந்து எழுத ஆரம்பித்தார். அதிலிருந்து வளர்ந்து, பாஸ்டனில் ஒரு வாடகை அறையில் முடிந்ததுதான் ‘புஷிங் டு த ஃப்ரன்ட்’. ஹூட்டன் மிஃப்ளின் பதிப்பகம் 1894இல் வெளியிட்டது. முதல் வருஷமே பன்னிரண்டு பதிப்பு ஓடியது.

ஆகவே தோற்ற ஆள் எழுதலாமா என்ற கேள்விக்கு என் பதில்: தாராளமாக எழுதலாம், அவரைவிடத் தகுதியான ஆள் கிடையாது. எனக்கு உள்ள வருத்தம் வேறு. அவ்வளவு பட்டவர் எழுதிய புத்தகத்தில் நெப்ராஸ்காவின் மழை இல்லை. ‘வாய்ப்பில்லாத சிறுவர்கள்’ பற்றி ஒரு அத்தியாயமே எழுதினார், அத்தனை சிறுவர்களும் கடைசியில் பெரிய ஆளாகிவிடுகிறார்கள். நல்ல ஓட்டல்காரர், அடுப்படிப் புகை சாப்பிட வந்தவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டார் என்று நினைத்துக்கொள்வேன்.

உங்கள் இரண்டாவது கேள்வி, என்னைப் போன்றவன் ஏன் வருவதில்லை என்பது, மார்டனுக்கும் முந்தியது. பரணில் கிடந்த அந்தப் புத்தகத்தின் ஆசிரியரிடமே அதைக் கேட்டிருக்கிறார்கள். ஸ்மைல்ஸ் ஸ்காட்லாந்துக்காரர். டாக்டராக இருந்து, பத்திரிகை ஆசிரியராகி, பிறகு இருபது வருஷத்துக்கு மேல் ரயில்வே கம்பெனிகளில் செயலாளராக இருந்தவர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வேலைக்குப் போகும் இளைஞர்கள் தாங்களே கூடிப் படிக்க ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். 1845இல் அங்கே பேசிய பேச்சுதான் புத்தகத்துக்கு விதை. ரௌட்லெட்ஜ் பதிப்பகம் வேண்டாம் என்று திருப்பிவிட்டது. 1859இல் தன் பொறுப்பிலேயே ஜான் மர்ரி மூலம் வெளியிட்டார். ஒரே வருஷத்தில் 20,000 பிரதி போனது. டார்வினின் உயிரினத் தோற்றம் பற்றிய நூலும் அதே ஆண்டு அதே பதிப்பாளரிடமிருந்து வந்ததுதான், ஆனால் விற்பனையில் ஸ்மைல்ஸுக்குப் பக்கத்தில் வரவில்லை.

புத்தகம் ஓடியதும் எதிர்ப்பும் வந்தது. ஜெயித்தவர்களையே சொல்கிறீர்களே, தோற்றவர்கள் கூட்டம் கூட்டமாக இருக்கிறார்களே, தோல்விக்கும் ஒரு புளூட்டார்க் வேண்டாமா என்று கேட்டார்கள். புளூட்டார்க் பழைய கிரேக்கர், பெருந்தலைவர்களின் வாழ்க்கையை ஜோடி ஜோடியாக எழுதி வைத்தவர். 1866 பதிப்பின் முன்னுரையில் ஸ்மைல்ஸ் பதில் சொன்னார்: எழுதக் கூடாது என்றில்லை, ஆனால் வெறும் தோல்விக் கதை படிக்கச் சோர்வாக இருக்கும், அதிலிருந்து கற்றுக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது. உங்களை ஏன் அந்தப் புத்தகங்களில் காணவில்லை என்பதற்கு அச்சில் இருக்கும் நேரடியான விடை அதுதான், கே. நீங்கள் படிக்கச் சோர்வாக இருப்பீர்களாம்.

(ஸ்மைல்ஸுக்கு நியாயம் செய்ய இதையும் சொல்ல வேண்டும். 1875இல் சிக்கனம் பற்றி எழுதிய நூலில் அவரே வேறு குரலில் பேசுகிறார். காலரா வந்தாலும் உணவில் கலப்படம் என்றாலும் நாறும் தண்ணீர் குடிக்க நேர்ந்தாலும், யார் பொறுப்பு என்று கேட்டால் ‘யாருமில்லை’ என்றே பதில் வருகிறது, இந்த ‘யாருமில்லை’தான் நாட்டின் பயங்கரமான ஆசாமி என்று கொதிக்கிறார். அவருடைய அப்பா காலராவில் செத்தவர். சாக்கடையைத் தன்முயற்சியால் மூட முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் பெயரைச் சொல்லிப் பிழைத்த பின்னால் வந்தவர்கள் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டார்கள்.)

சரி, தோல்விக்குப் புளூட்டார்க் வந்தாரா? வந்தார். மார்டனின் பத்திரிகை அலுவலகத்துக் கூலியை வாங்கிக்கொண்டே வந்தார்.

மார்டன் 1897இல் ‘சக்ஸஸ்’ பத்திரிகையைத் தொடங்கினார். பணம் போட்டவர் லூயி க்ளாப்ஷ், கிறிஸ்தவப் பத்திரிகை ஒன்றின் அதிபர். ஜெயித்தவர்களை நேரில் கண்டு பேட்டி எடுத்துப் போடுவது அதன் பாணி. அந்தப் பேட்டிகளில் பலவற்றை எழுதியவர் தியடோர் ட்ரைஸர் என்ற இளம் நிருபர். எடிசன், கார்னகி, சிகாகோவின் பெரிய கடை முதலாளி மார்ஷல் ஃபீல்ட் என்று பலரிடம் உங்கள் வெற்றிக்கு என்ன காரணம் என்று கேட்டு எழுதினார். மார்டன் அவற்றைப் பிறகு புத்தகமாகத் தொகுத்தபோது ட்ரைஸரின் பெயரைப் போடவில்லை. வெற்றியின் வரலாற்றில் இதுவும் ஒரு பக்கம்தான்.

அந்த ட்ரைஸர் 1900இல் ‘சிஸ்டர் கேரி’ என்ற நாவலை வெளியிட்டார். அதில் ஹர்ஸ்ட்வுட் என்று ஒருவர் வருகிறார். சிகாகோவில் பகட்டான மதுக்கூடத்தின் மேனேஜர், மடிப்புக் கலையாத கோட்டு, ஊரில் எல்லாரையும் பெயர் சொல்லி அழைப்பவர். ஒரு இரவு பெட்டகத்தில் இருந்த முதலாளியின் பணத்தைக் கையில் எடுக்கிறார், திரும்ப வைக்கலாமா என்று தடுமாறும்போதே பெட்டகம் பூட்டிக்கொள்கிறது. நியூயார்க்குக்கு ஓடுகிறார். அங்கே கூட்டு வியாபாரம் முறிகிறது. வேலை தேடுகிறார், கிடைக்கவில்லை. பிறகு தேடுவதாகச் சொல்லிவிட்டு ஓட்டல் வராந்தாக்களில் உட்கார்ந்திருக்கிறார். பிறகு வீட்டிலேயே, சூட்டடுப்புப் பக்கத்தில், நாள் முழுக்கப் பேப்பர். கடைசியில் ஒரு மலிவு விடுதி அறையில் எரிவாயுவைத் திறந்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார். அந்த நூறு சொச்சம் பக்கங்களில் ஆசிரியர் ஒரு இடத்திலும் அவரைத் திட்டவில்லை, எழுந்திரு என்று தட்டவும் இல்லை. கூடவே இருக்கிறார், அவ்வளவுதான். ஜெயித்தவர்களிடம் கேள்வி கேட்டுக் கேட்டு அலுத்த ஒருவரால்தான் அப்படி எழுத முடிந்தது என்று எனக்குத் தோன்றும், நிரூபிக்க முடியாது. நாவல் அப்போது சில நூறு பிரதிகளே விற்றது. ஸ்மைல்ஸ் சொன்னதும் பொய்யில்லை போலும்.

பத்திரிகையோ ஐந்து லட்சம் பிரதியை நெருங்கியது. மார்டன் 57 வயதில் கல்யாணம் செய்துகொண்டார், மூன்று குழந்தைகள். ஆனால் அவர் எழுத்து இந்தக் கட்டத்தில் திரும்பிய திசை எனக்குப் பிடிக்கவில்லை. முதல் புத்தகத்தில் உழைப்பு, நேரம் தவறாமை, பொறுமை என்று பேசியவர், எண்ணமே காந்தம், நினைத்தது உன்னைத் தேடி வரும் என்ற பக்கத்துக்குப் போனார். ‘தி மிரக்கிள் ஆஃப் ரைட் தாட்’ வந்தது 1910. பத்திரிகை மூழ்கியது அடுத்த ஓரிரு வருஷத்தில். சரியான எண்ணத்தின் அற்புதத்தை எழுதிய மை உலர்வதற்குள், எண்ணத்தால் கட்டுப்படாத கடன்காரர்கள் வந்து நின்றார்கள். உங்கள் கேலி இந்த இடத்தில் செல்லும், ஆனால் 1894க்கு அல்ல.

மனிதர் அங்கேயும் நிற்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1918இல், எழுபது வயதில், ஏறக்குறைய அதே பெயரில் மறுபடி பத்திரிகை. 1924இல் சாகும்வரை அதை நடத்தினார்.

நம் பக்கத்திலும் ஒருவர் உண்டு. கப்பல் கம்பெனி நடத்தி, வெள்ளைக்காரனால் சிறைக்குப் போய், கம்பெனியும் கலைந்துபோன வ.உ.சி., சிறையில் உட்கார்ந்து ஜேம்ஸ் ஆலனின் தன்னம்பிக்கை நூலைத் தமிழில் பெயர்த்தார். ‘மனம் போல வாழ்வு’ அது. அந்த ஆலன் யார் என்று உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துப் பின்னல் தொழிலாளியின் மகன். பின்னலாடைத் தொழில் படுத்ததும் அப்பா 1879இல் வேலை தேடித் தனியாக அமெரிக்கா போனார், போய் இறங்கிய இரண்டாம் நாளே நியூயார்க் ஆஸ்பத்திரியில் பிணம். பையன் பதினைந்து வயதில் படிப்பை விட்டு வேலைக்குப் போனான். மனம் போல வாழ்வு என்று எழுதியவன் அந்தப் பையன்தான். திருப்பூர்க்காரருக்கு அந்தத் தலைப்பு வேறு மாதிரிக் கேட்கும் என்று நினைக்கிறேன்.

மச்சான் விஷயம். ஒருவன் கடை மூடிக்கிடக்கும்போது என்ன பேசுவது என்று சொந்தக்காரர்களுக்குத் தெரிவதில்லை. பணம் கொடுக்க வசதியில்லை, கையை வீசிக்கொண்டு வரவும் கூச்சம். எண்பது, நூறு ரூபாய்க்கு ஒரு புத்தகம் கிடைக்கிறது, வாங்கி வந்துவிடுகிறார்கள். நாம் சாவு வீட்டுக்கு மாலை வாங்கிப்போகிறோமே, அந்த மாதிரி. அதைப் படிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, ஆனால் கொண்டு வந்தவரைத் திட்டியது அதிகம்தான். ஞாயிற்றுக்கிழமை நீங்களே அவர் வீட்டுக்குப் போய்வாருங்கள். பேச்சு தடுமாறினால் அந்த ஓட்டல்காரர் நெருப்புக்குத் தப்பி இரவுச் சட்டையோடு துணிக்கடைக்குப் போன கதையைச் சொல்லுங்கள். புத்தகம் வாங்கிக் கொடுத்தவருக்கு அது தெரிந்திருக்காது.

வரவேண்டிய அந்தப் பணத்துக்கு டெலிவரி சலான், பில் எல்லாம் பத்திரமாக இருக்கிறதா? இருந்தால் தனி மின்னஞ்சலில் எழுதுங்கள். இந்த மாதிரி வழக்குப் பார்க்கும் வக்கீல் நண்பர் ஒருவர் கோவையில் இருக்கிறார், பேசிப் பார்க்கலாம்.