ஜட்டியில் கறை, பள்ளியில் அவமானம்: குழந்தைகளின் நாள்பட்ட மலச்சிக்கல் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: பையனுக்கு 7 வயது. தினமும் ஜட்டியில் கறை. பேதியென்று மருந்து கொடுத்தோம், அதிகமாகிவிட்டது. அடித்தும் பார்த்துவிட்டோம்.

பதில்: அடிப்பதை இன்றோடு விடுங்கள், அம்மா. இது பெரும்பாலும் மலச்சிக்கல்தான். ஒருமுறை வலித்தால் பிள்ளை அடக்கத் தொடங்கும். மலம் கட்டியாகி மலக்குடல் விரிந்துவிடும். 'வருது' என்ற உணர்வே மங்கிப்போகும். கட்டியைச் சுற்றி இளகிய மலம் கசிவது அவனுக்கே தெரியாது. பேதி நிறுத்தும் மருந்து கட்டியை இன்னும் இறுக்கும்.

முதலில் கட்டி வெளியேற வேண்டும். டாக்டர் பார்த்து வயிற்றில் மலக் கட்டியை உறுதி செய்தால், வழக்கமாகத் தருவது மலத்தை இளக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் தூள்: கிலோ எடைக்கு 1 முதல் 1.5 கிராம், தினமும், 3 முதல் 6 நாள். 20 கிலோ பையனுக்கு 20–30 கிராம். அந்த நாட்களில் கசிவு கூடும் என்பதால் லீவில் தொடங்குங்கள். பிறகு கிலோவுக்கு சுமார் 0.4 கிராம், குறைந்தது 2 மாதம்.

கேள்வி: சரியானதும் அந்தத் தூளை நிறுத்தினோம், மலச்சிக்கல் திரும்ப வந்துவிட்டது. தொடர்ந்தால் பழக்கமாகிவிடாதா?

பதில்: ஆகாது. குடலுக்குள் தண்ணீரைப் பிடித்துவைப்பதுதான் அதன் வேலை. தொல்லை நின்று ஒரு மாதமாவது ஆனபின், அளவைப் படிப்படியாகக் குறைக்கவேண்டும். சட்டென நிறுத்துவதால்தான் பலருக்குத் திரும்புகிறது.

கேள்வி: மகள் பள்ளிக் கழிப்பறைக்கே போகமாட்டேன் என்கிறாள். அதற்காகத் தண்ணீரும் குடிப்பதில்லை.

பதில்: தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, மக் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். இதைச் சரிசெய்யாமல் மருந்தை மட்டும் கூட்டுவதில் அர்த்தமில்லை. வகுப்பு நடுவே கை தூக்கிக் கேட்காமல் எழுந்துபோக டீச்சரிடம் பேசி வையுங்கள். பையில் ஒரு மாற்று ஜட்டியும் பிளாஸ்டிக் கவரும் இருக்கட்டும்.

சாப்பிட்டதும் பெருங்குடல் தானே அசையும். அதனால் காலை உணவு முடிந்து 5 முதல் 10 நிமிடம் உட்கார வையுங்கள். வேன் சீக்கிரம் வந்தால் அரைமணி முன்னதாக எழுப்புங்கள். வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் தொங்கக் கூடாது. முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி பாதத்துக்கு ஒரு மணை போடுங்கள். போகாத நாளில் திட்டு வேண்டாம், உட்கார்ந்ததற்கே பாராட்டுங்கள்.

கேள்வி: எங்கள் 3 வயதுப் பிள்ளை பிறந்து மூன்றாம் நாள்தான் முதல் மலம் போனான். வயிறு எப்போதும் உப்பல்.

பதில்: முதல் மலம் 48 மணி நேரம் தாண்டியதை டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாத ஹிர்ஷ்ஸ்பிரங் நோயா என்று பார்க்கவேண்டும்; மலக்குடல் திசுப் பரிசோதனையில் உறுதியாகும், சிகிச்சை அறுவைதான். இடையில் காய்ச்சல், வயிறு உப்பல், கடும் நாற்றத்துடன் பேதி சேர்ந்து வந்தால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி. அறுவை முடிந்த பிள்ளைகளுக்கும் இதே எச்சரிக்கைதான்.