சிவக்காத நயாசின் வாங்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 58. சீனி வருத்தமும் கொலஸ்ட்ரோலும் இருக்கின்றன. கிளினிக்கில் அட்டோர்வாஸ்டட்டின் தருகிறார்கள். கனடாவிலிருந்து வந்த என் தம்பி, "இது வெறும் விற்றமின், பக்கவிளைவு இல்லை" என்று இரண்டு வகை நயாசின் குப்பிகளைத் தந்துவிட்டுப் போனார். முதல் வகையைப் போட்டதும் முகமும் கழுத்தும் சிவந்து எரிந்தன. 'சிவக்காத நயாசின்' என்ற மற்றது ஒத்துக்கொள்கிறது, அது முடியப்போகிறது. இங்கே ஒரு கடைக்காரர் வரவழைத்துத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? அட்டோர்வாஸ்டட்டினை நிறுத்திவிடலாமா?
– வாசகி, உவர்மலை

பதில்: வாங்க வேண்டாம். அட்டோர்வாஸ்டட்டினை நிறுத்தவே வேண்டாம்.

ஒத்துக்கொள்ளும் குப்பியின் பின்பக்கத்தைப் பாருங்கள். 'இனோசிட்டோல்' என்றோ 'நயாசினமைட்' என்றோ இருந்தால் அது கொலஸ்ட்ரோலைக் குறைக்காது. முகம் சிவக்காததற்கும் அதுதான் காரணம். நயாசின் வகைகளில் கொலஸ்ட்ரோலில் வேலை செய்வது சிவக்க வைக்கும் நிக்கோட்டினிக் அமிலம் மட்டுமே. வேலை செய்யாத பொருளுக்கு இறக்குமதி விலை கொடுப்பானேன்?

அப்படியானால் முதல் குப்பிக்குத் திரும்பலாமா என்று கேட்பீர்கள். விற்றமின் பி3 ஆக ஓர் ஆணுக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது 16 மில்லிகிராம்; சோறும் மீனும் அதைத் தந்துவிடும். கொலஸ்ட்ரோலுக்கு வேண்டியதோ 1,000 முதல் 2,000 மில்லிகிராம். அந்த அளவில் அது விற்றமின் அல்ல, மருந்து. கெட்ட கொலஸ்ட்ரோலும் ட்ரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பும் இறங்கும், நல்ல கொலஸ்ட்ரோல் ஏறும்; ஆய்வுகூட அறிக்கை அழகாக இருக்கும். ஸ்டட்டின் (அட்டோர்வாஸ்டட்டின் இந்த வகை மருந்துதான்) வருவதற்கு முந்திய காலத்து ஆய்வு ஒன்றில் மாரடைப்பும் குறைந்தது. நயாசினின் நல்ல பெயர் அங்கிருந்து வந்தது.

ஆனால் உங்கள் கணவரைப் போல ஏற்கெனவே ஸ்டட்டின் எடுப்பவர்களிடம் சோதித்தபோது கதை மாறியது. 2011இல் 'எய்ம்-ஹை' ஆய்வைப் பயன் தெரியவில்லை என்று இடையிலேயே நிறுத்தினார்கள். 25,673 பேரிடம் நடந்த 'த்ரைவ்' ஆய்வில், சிவப்பைத் தடுக்கும் மருந்தோடு சேர்த்து நயாசின் கொடுத்தார்கள். 2014இல் வெளியான முடிவின்படி மாரடைப்போ பக்கவாதமோ குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. சீனி கட்டுப்பாடு குலைவதும் தொற்றுகளும் இரத்தப்போக்கும் கூடின. சீனி வருத்தக்காரருக்கு இதைவிட வேறு எச்சரிக்கை வேண்டுமா? யூரிக் அமிலமும் ஏறும். மெதுவாகக் கரையும் வகை ஈரலைக் கெடுக்கக்கூடியது. தம்பியின் அன்பில் குறையில்லை, தகவலில்தான் குறை.

இப்போதைக்கு நயாசினை விட்டுவிட்டு, இரண்டு குப்பிகளையும் அடுத்த கிளினிக் நாளில் மருத்துவரிடம் காட்டுங்கள். எத்தனை நாள், எத்தனை மில்லிகிராம் எடுத்தார் என்று எழுதிக்கொண்டு போங்கள். ஈரல் பரிசோதனையும் சீனி அளவும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கடுமையாக நிறம் மாறினாலோ கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது. அட்டோர்வாஸ்டட்டினால் தசைவலி ஏதும் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டட்டின் தரலாம், எசெட்டிமைப் என்ற வேறொரு கொலஸ்ட்ரோல் மருந்தைச் சேர்க்கலாம். மருத்துவருக்கு வழிகள் இருக்கின்றன. கடைக்காரரிடம் முற்பணம் கொடுத்திருந்தால் பொருள் வருமுன் திருப்பிக் கேளுங்கள். பற்றுச்சீட்டு கையில் இருக்கட்டும்.