நவம்பரில் தாய்லாந்து, கூடவே ஸ்கூபா: எந்தப் பள்ளியில் சேர்வது?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறோம். தீபாவளியை ஒட்டி நவம்பரில் நானும் கணவரும் எட்டு நாள் தாய்லாந்து போகிறோம். கோ தாவ் தீவில் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ள ஆசை. ஒரு பள்ளி பி.ஏ.டி.ஐ. என்கிறது, இன்னொன்று எஸ்.எஸ்.ஐ. என்கிறது. மூன்றாவது பள்ளி இரண்டரை நாளில் முடித்துத் தருவதாகச் சொல்கிறது, கட்டணமும் குறைவு. இருவருக்கும் ஓரளவு நீச்சல் தெரியும். கணவருக்குச் சிறுவயதில் வீசிங் இருந்தது. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: பி.ஏ.டி.ஐ.யா, எஸ்.எஸ்.ஐ.யா என்று மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டாம். முன்னது 1966-லும் பின்னது 1970-லும் தொடங்கிய டைவிங் பயிற்சி அமைப்புகள். இரண்டும் தருகிற ‘ஓப்பன் வாட்டர்’ என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் ஐ.எஸ்.ஓ. 24801-2 என்ற ஒரே சர்வதேசத் தரத்துக்கு உட்பட்டது. எது கையில் இருந்தாலும், ஒரு துணையோடு 18 மீட்டர் ஆழம் வரை இறங்குவதற்கு மற்ற நாடுகளிலும் ஏற்றுக்கொள்வார்கள். நீங்கள் கட்டுகிற பணம் ஒரு பயிற்றுநரின் நேரத்துக்கான விலை. அந்த நேரம் எங்கே அதிகம் கிடைக்கிறதோ அங்கே சேருங்கள்.

அதனால் மூன்று பள்ளிகளிடமும் முதலில் கேட்க வேண்டியது, கடலில் ஒரு பயிற்றுநரிடம் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது. பி.ஏ.டி.ஐ. விதி எட்டுப் பேர் வரை அனுமதிக்கிறது. என் கணக்கில் நாலு பேருக்கு மேல் இருந்தால் அந்தப் பள்ளி வேண்டாம். காரணத்தை மாஸ்க் பயிற்சியில் நேராகப் பார்க்கலாம். கடலடி மணலில் முழங்காலிட்டு, மாஸ்க்குக்குள் வேண்டுமென்றே தண்ணீர் விட்டு, தலையைச் சற்று நிமிர்த்தி, மேல் விளிம்பை விரலால் அழுத்திக்கொண்டு மூக்கு வழியே மூச்சை விட்டால் தண்ணீர் அடிப்பக்கமாக வெளியேறிவிடும். சொல்ல எளிது. மூக்கில் உப்புநீர் ஏறிய அந்த நொடியில் பலருக்கு, வாயில் கவ்வி சிலிண்டர் காற்றை இழுக்கிற ரெகுலேட்டரைத் துப்பிவிட்டு மேலே பாயத் தோன்றும். பயிற்றுநரின் கை அப்போது அவர் தோளில் இருக்க வேண்டும். எட்டுப் பேர் வரிசையாகக் காத்திருந்தால் அந்தக் கை எத்தனை பேருக்கு எட்டும்?

இரண்டரை நாள் என்பதும் இதே கணக்கில் அடங்கும். விதிப்படி கடலில் குறைந்தது நான்கு முறை, இரண்டு நாட்களில் பிரித்து இறங்க வேண்டும். அதற்கு முன் பாடமும் குளப் பயிற்சியும் உண்டு. பாடத்தை வீட்டிலேயே இணையவழியில் முடித்துக்கொண்டு போனால் இரண்டரை நாளில் நடத்திவிட முடியும்தான். ஆனால் ஒரு பயிற்சியை ஒருமுறை செய்து காட்டியதும் அடுத்ததற்கு ஓட வேண்டியிருக்கும். நாலாவது முறையில்தான் கை பழகும், பயம் விலகும். அந்த நாலாவது முறைக்கு அங்கே நேரம் இராது.

நான் சொல்கிற வழி வேறு. பாதியை இங்கேயே முடித்துவிட்டுப் போங்கள். புதுச்சேரியில் ஸ்கூபா பள்ளிகள் இருக்கின்றன. உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம். பாடத்தையும் குளப் பயிற்சியையும் இங்கே முடித்து, ‘ரெஃபரல்’ என்ற சான்றை வாங்கிக்கொண்டு, கடலில் இறங்குகிற நான்கு முறையை மட்டும் தாய்லாந்தில் வைத்துக்கொள்ளலாம். பி.ஏ.டி.ஐ.யில் இந்தச் சான்று 12 மாதம் செல்லும். இங்கே எந்த அமைப்பில் தொடங்குகிறீர்களோ, அங்கேயும் அதே அமைப்பின் பள்ளியைப் பாருங்கள். ரெஃபரலை ஏற்பார்களா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறுகளில் அவசரமில்லாமல், சந்தேகத்தைத் தமிழிலேயே கேட்டுக் கற்பது பெரிய நன்மை. விடுமுறையில் கடலைப் பார்க்கப் போகிற நீங்கள் அங்கே வகுப்பறையில் உட்கார்ந்திருக்கவும் வேண்டாம்.

தமிழில் கேட்டுத் தெளிய வேண்டியவற்றில் முதலாவது மூச்சு. மூச்சை அடக்கித்தான் மூழ்க வேண்டும் என்பது நம் கடற்கரைக்கு முத்துக்குளித்தல் விட்டுச்சென்ற எண்ணம். முத்துக்குளிப்பவர் மேலே நிரப்பிய காற்றோடு இறங்குகிறார். ஆழத்தில் அது சுருங்கும், மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்பும். சிலிண்டர் கட்டியவரின் கதை தலைகீழ். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேற்பரப்புக்கு வரும்போது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழியலாம், காற்றுக் குமிழி இரத்தத்தில் கலந்து மூளைக்கும் போகலாம். அதனால்தான் ஸ்கூபாவில் மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது என்பது முதல் விதி.

உங்கள் கணவரின் வீசிங்கை இதோடு சேர்த்துப் பாருங்கள். மூச்சுக்குழாய் சுருங்கிய இடத்தில் காற்று சிக்கிக்கொண்டால், அவர் மூச்சை அடக்காவிட்டாலும் அந்தக் காற்று வெளியேற வழியில்லாமல் விரியும். பயிற்சிக்கு முன் தருகிற மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமா பற்றிய கேள்வி இருக்கும். அதில் ‘ஆம்’ என்று குறிக்க வேண்டி வந்தால் மருத்துவரின் கையெழுத்து இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். அங்கே போய், கட்டிய பணம் வீணாகிவிடுமே என்று ‘இல்லை’யில் குறிப்பவர்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். படிவத்தை இணையத்தில் எடுத்துக்கொண்டு, ஜிப்மரிலோ கடலூரிலோ நுரையீரல் மருத்துவரைப் பார்த்து, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையும் செய்துகொள்ளட்டும். சிறுவயதோடு நின்றுபோன வீசிங் என்றால் மருத்துவர் அனுமதிக்க வாய்ப்பு உண்டு. வேண்டாம் என்றால் அவர் ஸ்நார்கெல் என்ற மூச்சுக்குழல் போட்டு மேலிருந்து பவளத்தைப் பார்க்கட்டும், நீங்கள் மட்டும் பயிற்சியில் சேருங்கள். பள்ளிக்கு முன்பணம் கட்டுவது இதற்கெல்லாம் பிறகு.

‘ஓரளவு நீச்சல்’ என்றீர்கள். நேரக் கெடு இல்லாமல் 200 மீட்டர் தொடர்ந்து நீந்த வேண்டும், 10 நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். 25 மீட்டர் குளத்தில் எட்டு நீளம். இப்போதே ஒருமுறை நீந்திப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது இடம். கோ தாவ் இருப்பது தாய்லாந்து வளைகுடாவில். கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிற அதே வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம்தான் அந்தப் பக்கத்துக்கும் மழைக்காலம். நவம்பரில் அங்கே அலை கூடுதல், தண்ணீர் கலங்கியிருக்கும், படகுகள் ரத்தாவதும் உண்டு. மேற்கே அந்தமான் கடல் பக்கம் நல்ல பருவம் அப்போதுதான் தொடங்குகிறது. ஆகவே கோ தாவை விட்டு பூக்கெட் பக்கம் போங்கள். பயணத்தையே கோடைக்குத் தள்ள முடிந்தால் திருகோணமலையைச் சொல்வேன். இலங்கையின் கிழக்குக் கடல் மே முதல் செப்டம்பர் வரை அடங்கியிருக்கும். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவைச் சுற்றி ஆழம் அதிகமில்லாத பவளப்பாறைகள் உண்டு. கரையில் தமிழும் பேசலாம்.

கடலில் இறங்கும் நாட்களைப் பயணத்தின் முன்பாதியில் வைத்துவிடுங்கள். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர் கடைசி டைவுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பது டேன் எனப்படும் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரை. பூக்கெட்டிலிருந்து பாங்காக் போகிற குறுகிய விமானப் பயணத்துக்கும் இது பொருந்தும்.

கட்டணத்தை ஒப்பிடும்போது சான்றிதழ்க் கட்டணம், இணையப் பாடம், உபகரண வாடகை, படகு, தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம் எல்லாம் அடக்கமா என்று பாருங்கள். குறைந்த விலை பெரும்பாலும் இவற்றில் ஒன்றிரண்டை விட்டுவிட்டுச் சொன்னதாக இருக்கும். படகில் அவசர ஆக்சிஜன் உண்டா, டைவிங்கில் பாதிக்கப்பட்டவருக்குத் தருகிற அழுத்த அறை சிகிச்சை பக்கத்தில் எந்த ஊரில் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுகிற பள்ளியை விட்டுவிடுங்கள். பயணக் காப்பீட்டில் ஸ்கூபா தானாக அடங்கிவிடும் என்று நம்பாமல், எத்தனை மீட்டர் வரை பொறுப்பேற்கிறார்கள் என்பதை பாலிசியில் படித்துப் பாருங்கள்.

படகில் சிலிண்டரை மாட்டியதும், அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே ரெகுலேட்டரில் நாலு முறை மூச்சு இழுங்கள். ஊசி அசையாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் இறங்கி ஏறினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. எண்ணெய் வாடை வந்தால் அந்த சிலிண்டரே வேண்டாம், மாற்றித் தரச் சொல்லுங்கள்.

மாஸ்க் மட்டும் வாடகைக்கு எடுக்காமல் சொந்தமாக வாங்கலாம். பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுத்தால் கையை எடுத்த பிறகும் ஒட்டி நிற்க வேண்டும். கண்ணாடி அணிபவர் என்றால் பவர் லென்ஸ் பொருத்திய மாஸ்க் கிடைக்கிறது. கணவருக்கு மீசை இருந்தால் மூக்குக்கு நேர் கீழே மெல்லிய கோடு அளவுக்கு மழித்துக்கொள்ளட்டும், தண்ணீர் கசிவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.