மின்சாரம் போனால் சரக்குக் கப்பலை ஏன் நிறுத்தவோ திருப்பவோ முடிவதில்லை?

முதன்மை எஞ்சின் எண்ணெயில்தான் ஓடுகிறது. ஆனால் அதன் குளிர்நீர், மசகெண்ணெய் பம்புகள் பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடுபவை. அவை நின்றால் எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடும். அவசர ஜெனரேட்டர் 45 விநாடிக்குள் மின்சாரம் தரவேண்டும் என்பது சர்வதேச விதி. அது கப்பலைத் திருப்பும் சுக்கானை அசைக்கும், எஞ்சினை ஓட்டாது. புரொப்பெல்லர் தள்ளும் நீரோட்டம் இல்லாவிட்டால் சுக்கானின் பிடியும் வெகுவாகக் குறையும்.

2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில் நடந்தது இதுதான். சுமார் 300 மீட்டர் நீளமுள்ள 'டாலி' என்ற சரக்குக் கப்பல் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியது. பாலத்தில் வேலை செய்த 6 பேர் இறந்தனர். முதல் மின்தடைக்குக் காரணம் ஒரேயொரு கம்பி! அதன் மேலிருந்த பெயர்ப்பட்டை இடித்ததால் கம்பி முனை, அதை இணைக்கும் டெர்மினலில் முழுதாக நுழையவில்லை. இரண்டாவது தடைக்குக் காரணம், ஜெனரேட்டர்களுக்கு எரிபொருள் கொடுத்த பம்பு, மின்சாரம் திரும்பியும் தானாக இயங்காதது.

இப்படி வரும் கப்பலிடமிருந்து பாலத்தைக் காக்கத் தூணை மட்டும் கனமாக்கினால் போதாது. கப்பல் தூணை எட்டுவதற்கு முன்பே தரைதட்டும்படி பாறைத்திட்டும், தனியே நிற்கும் தடுப்புத் தூண்களும் வேண்டும். 1980இல் கப்பல் மோதிய விபத்தில் 35 பேரை இழந்த ஃபுளோரிடாவின் சன்ஷைன் ஸ்கைவே பாலம், 1987இல் இவற்றோடுதான் மீண்டும் எழுந்தது.