சட்டம் கேளுங்கள்: 12 கடல் மைலுக்கு அப்பால் யார் வழக்குத் தொடுப்பது?

கேள்வி: கரையிலிருந்து 30 கடல் மைல் தொலைவில் வெளிநாட்டுக் கப்பல் மோதி நம் விசைப்படகில் ஒருவர் இறந்தால், கப்பல் மாலுமியை நம் போலீஸ் கைது செய்ய முடியுமா? இத்தாலியக் கப்பல் வழக்கில் மட்டும் எப்படிக் கைது செய்தார்கள்? (குளச்சல் வாசகர்)

பதில்: மோதலுக்கு ஒரு விதியும் துப்பாக்கிச் சூட்டுக்கு வேறொரு விதியும் இருப்பதால், தொலைவை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல இயலாது.

1926 ஆகஸ்டில் ‘லோட்டஸ்’ என்ற பிரெஞ்சுக் கப்பல் மோதி, ‘போஸ்-கோர்ட்’ என்ற துருக்கிக் கப்பல் மூழ்கி, துருக்கியர் 8 பேர் இறந்தனர். லோட்டஸ் இஸ்தான்புல் சேர்ந்ததும், மோதிய வேளையில் காவற்பணியில் இருந்த பிரெஞ்சு அதிகாரியைத் துருக்கி கைது செய்து, 80 நாள் சிறையும் 22 பவுண்டு அபராதமும் விதித்தது. நடுக்கடலில் நடந்ததற்குத் துருக்கி எப்படித் தண்டிக்கலாம் என்று பிரான்ஸ் கேட்டது. அன்றைய நிரந்தர சர்வதேச நீதிமன்றத்தில் வாக்குகள் சரிபாதியாகப் பிரிய, தலைவரின் வாக்கால் 1927-இல் துருக்கி வென்றது. கப்பல் நடத்தும் நாடுகளுக்கு இந்தத் தீர்ப்பு உவப்பாக இல்லை. அதனால் பிற்கால உடன்படிக்கைகள் அதைத் தலைகீழாக்கின. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 97-ஆம் பிரிவின்படி, மோதல் போன்ற கப்பலோட்டச் சம்பவத்தில் மாலுமிமீது குற்ற வழக்குத் தொடுக்கும் உரிமை கப்பலின் கொடி நாட்டுக்கும் (அதாவது கப்பல் பதிவான நாட்டுக்கும்) அந்த மாலுமியின் சொந்த நாட்டுக்கும் மட்டுமே உண்டு. ஆகவே நீங்கள் சொல்லும் மோதலில், மாலுமி இந்தியராகவோ கப்பல் இந்தியக் கொடியுடையதாகவோ இருந்தாலன்றி, நம் போலீஸின் கை கட்டப்பட்டிருக்கும்.

நீங்கள் கேட்ட இத்தாலியக் கப்பலான ‘என்ரிகா லெக்ஸி’யின் வழக்கு வேறு வகை. 2012 பிப்ரவரி 15 அன்று, கேரளக் கரையிலிருந்து சுமார் 20.5 கடல் மைலில், அந்த எண்ணெய்க் கப்பலின் பாதுகாப்புக்கு நின்ற இத்தாலியக் கடற்படை வீரர்கள் ‘செயின்ட் ஆண்டனி’ படகை நோக்கிச் சுட்டதில் இரு மீனவர் இறந்தனர். ஒருவர் கொல்லத்தைச் சேர்ந்தவர், மற்றவர் உங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். சுடுவது கப்பலோட்டம் ஆகாது என்பதால் 97-ஆம் பிரிவு குறுக்கே நிற்கவில்லை. ஆனால் மாநிலக் காவல்துறையின் அதிகாரம் 12 கடல் மைலோடு முடிகிறது என்றும், அதற்கு அப்பால் நடந்ததை விசாரிப்பது மத்திய அரசின் பொறுப்பு என்றும் உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் கூறியது. பின்னர் 2020-இல் சர்வதேச நடுவர் மன்றம், வீரர்கள் இத்தாலி அரசின் பணியில் இருந்தவர்கள் என்பதால் இந்தியா அவர்களை விசாரிக்க முடியாது, ஆயினும் இத்தாலி இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. 10 கோடி ரூபாய் வந்தபின், இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி என்று பிரித்து, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. கப்பலுக்குப் பாதுகாப்பாக நின்றவர்கள் தனியார் நிறுவன ஆட்களாக இருந்திருந்தால் அந்த விலக்கு கிடைத்திருக்காது என்பதே என் கருத்து.

மோதலில் குற்ற வழக்கு நம் கையில் இல்லாவிட்டாலும், 97-ஆம் பிரிவு இழப்பீட்டு வழக்கைத் தடுப்பதில்லை. 2017-ஆம் ஆண்டின் கடல்சார் உரிமைக் கோரல் சட்டப்படி, அந்தக் கப்பல் நம் ஆட்சிக் கடலுக்குள் (கரையிலிருந்து 12 கடல் மைல் வரை) இருக்கும்போது அதைத் தடுத்து நிறுத்தும்படி உயர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். அதற்குக் கப்பலை அடையாளம் காட்ட வேண்டும் என்பதால், மோதிய கப்பல் விலகுவதற்குள் அதன் பின்புறத்தில் எழுதியிருக்கும் பெயரையும், ‘ஐ.எம்.ஓ.’ என்ற எழுத்துகளை அடுத்துள்ள ஏழிலக்க எண்ணையும், உங்கள் ஜி.பி.எஸ். காட்டும் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.