கதியால் வேலி

அன்புள்ள ஐயா,

கிறிஸ்து பிறப்புக்குத் தயாராகும் திருவருகைக்காலம் தொடங்கிவிட்டது. ஆண்டவரை ஏற்க உள்ளத்தைத் தயார் செய்யுங்கள் என்று பூசையில் சொல்கிறார்கள். செபிக்க உட்கார்ந்தால் மனம் போனுக்கு ஓடுகிறது. தகுதியில்லாமல் நன்மை, அதாவது பூசையில் தரும் நற்கருணை, வாங்கப் பயமாக இருக்கிறது. எப்படித் தயாராவது?

வாசகர், உப்புவெளி

அன்புள்ள தம்பி,

போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு உட்காரும். அந்தக் கதை அவ்வளவுதான்.

தகுதி என்று எழுதினீரே, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு கிழமையாக அம்மம்மாவின் நினைவாகவே இருக்கிறேன். பாலையூற்றில் வீடு. மார்கழி பிறந்தால் சுவருக்கு நீலம் கலந்த சுண்ணாம்பு அடிப்பார். நன்மை வாங்குவதற்கு முன் இருக்கும் நோன்பு தண்ணீர் குடித்தால் முறியாது என்று 1953இலேயே ரோமாபுரி சொல்லிவிட்டது. நன்மைக்கு முன் ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும் என்று 1964இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் இன்னும் தளர்த்தினார். அம்மம்மாவிடம் அதெல்லாம் எடுபடவில்லை. நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாது.

அதே அம்மம்மாதான் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த சொந்தத் தங்கச்சியோடு பதினொரு வருடம் பேசாமல் இருந்தார். வேலிக்கு நடும் தடியான கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டார்களாம். ஒரு முழம்! இருவரும் ஒரே கோயிலில், ஒரே வரிசையில் நின்று, "நான் தகுதியற்றவள்" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லி நன்மை வாங்குவார்கள்.

நீரும் சுண்ணாம்புதான் கேட்கிறீர், தம்பி. கோபிக்காதேயும். நற்செய்தியில் வரும் வரி தண்டுகிற சக்கேயு வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டா இயேசுவைக் கூப்பிட்டான்? அத்திமரத்தில் தொங்கிக்கொண்டிருந்தவனை அவரே அண்ணாந்து பார்த்து, இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டில்தான் தங்கப்போகிறேன் என்றார். ஏமாற்றிப் பறித்ததை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் சொன்னது அதற்குப் பிறகு. கவனியும், செபம் கூட்டுகிறேன், நோன்பு பிடிக்கிறேன் என்று அவன் சொல்லவில்லை. பறிகொடுத்த ஆட்களிடம் போகிறேன் என்றான். பீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இருப்பதும் இதுதான். நீர் யாரோடு பேசாமல் இருக்கிறீர்? கடிதத்தில் அதை எழுதவில்லையே.

ஒரு மார்கழி மழையில் அந்த வேலி சரிந்தது. அம்மம்மா நனைந்துகொண்டே ஓடிப்போய் ஒரு கதியாலைத் தூக்கினார். அந்தப் பக்கத்திலிருந்து சின்னம்மம்மா மற்றதைப் பிடித்தார்.

"பிடிச்சிட்டியா?"

"ஓம்."

அந்த ஒரு முழம் கடைசியில் யார் பக்கம் போனது என்று எனக்கு நினைவில்லை. அடுத்த நாள் காலைப் பூசைக்கு அம்மம்மா, தங்கச்சி வீட்டில் இஞ்சித் தேத்தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனார்.